ராமசாமி, ஓடோடிவா

நாள் 1: மதுரை

சிம்மக்கல்லில் இறங்கி சார் வீட்டுச் சந்துக்குள் திரும்பினால் நான் முதலில் மேலேதான் பார்ப்பேன், ஏரியல் இருக்கிறதா என்று. இன்றைக்கும் இருந்தது. மொட்டை மாடியில் நட்ட இரும்புக் குழாயிலிருந்து பக்கத்து வீட்டு வேப்பமரம் வரைக்கும் 20 மீட்டர் செம்புக் கம்பி. அதன் நடுவிலிருந்து ஜன்னலுக்கு இறங்கும் கறுப்பு கேபிள். கம்பியில் ஒரு பட்டத்தின் வால் சிக்கியிருந்தது. சார் இருந்திருந்தால் அன்றைக்கே துரட்டியோடு மாடி ஏறியிருப்பார். கிழிந்த பட்டத்தை ஒட்டி, தெருப் பையனைக் கூப்பிட்டுத் திருப்பியும் கொடுத்திருப்பார்.

எனக்கு ஹாம் ரேடியோ கற்றுக்கொடுத்த சார் போன ஐப்பசியில் காலமானார். 87 வயது. ஹாம் ரேடியோக்காரர்கள் தங்களில் ஒருவர் இறந்தால் ‘சைலண்ட் கீ’ ஆகிவிட்டார் என்பார்கள். தந்தி தட்டும் கருவிக்குக் ‘கீ’ என்று பெயர். அது ஓய்ந்துவிட்டது என்று அர்த்தம். 30 வருடத்துக்கு மேல் தந்தி ஆபீசில் கீயோடு உட்கார்ந்திருந்தவர் அவர். அவருக்கு இந்தச் சொல் அப்படியே பொருந்துகிறது. அவர் பெயரையும், வானலையில் அவரை அடையாளம் காட்டிய அழைப்புக் குறியையும் இங்கே எழுதவில்லை. அம்மா, அதாவது சாரின் மனைவி, வேண்டாம் என்றார்.

ஹாம் ரேடியோ தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. தேர்வு எழுதி, அரசிடம் உரிமம் வாங்கி, சொந்தமாக ஒரு வானொலி நிலையம் வைத்துக்கொண்டு உலகத்தில் எந்த ஹாமோடும் பேசலாம். 12 வயது ஆகியிருந்தால் தேர்வு எழுதலாம். காசு சம்பாதிக்க இதைப் பயன்படுத்தக் கூடாது. பேச்சிலும் பேசலாம், தந்தியைப் போல எழுத்துகளைத் தட்டுகளாக அனுப்பும் மோர்ஸிலும் பேசலாம். நடுவில் செல்போன் கோபுரமும் இல்லை, கம்பியும் இல்லை.

நான் வந்த காரியம் இது. படுக்கையில் விழுந்த பிறகு, சார் தன் சாமான் ஒவ்வொன்றின் மீதும் ஒரு சீட்டு ஒட்டச் சொல்லியிருக்கிறார். அவர் சொல்லச் சொல்ல அம்மா எழுதி ஒட்டியிருக்கிறார். பெரும்பாலானவை மதுரைக்குள்ளேயே போய்ச் சேர்ந்துவிட்டன. இரண்டு பெட்டி மட்டும் பாக்கி. ஒன்றில் ‘பூம்பாறை வாத்தியார்’ என்றும், இன்னொன்றில் ‘தங்கச்சிமடம் பொண்ணு’ என்றும் எழுதியிருந்தது. இரண்டு பேரும் உரிமம் வைத்திருப்பவர்கள். இல்லாவிட்டால் டிரான்ஸ்மிட்டரைக் கையில் கொடுக்க முடியாது. அதில் சார் ரொம்பக் கறார். கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலையை அம்மா என்னிடம் கொடுத்தார்.

“உனக்கும் ஒண்ணு இருக்கு தம்பி” என்று சொல்லி, ஒரு நோட்டை எடுத்துவந்து நீட்டினார்.

அந்த நோட்டை எனக்கு நன்றாகத் தெரியும். நீளவாட்டு நோட்டு, அட்டைக்குப் பழைய காலண்டர் தாளில் உறை. உள்ளே மூன்றே பத்தி: தேதி, யார், என்ன. 1998 ஜூன் பக்கத்தில் என் பெயர் இருக்கிறது. ‘40 மீட்டர் ரிசீவர் 1, ஹெட்போன் 1, சால்டரிங் அயர்ன் 1.’ 40 மீட்டர் என்பது வானொலி அலையின் நீளம். அப்போது எனக்குப் பதினாறு வயது. அந்த ஹெட்போன் என்ன விலை என்று கடையில் விசாரித்துவிட்டுப் பயந்துபோய் அடுத்த வாரமே திருப்பிக் கொடுக்கப் போனேன். “நோட்டுல திரும்பி வந்ததுக்குப் பத்தி எங்கப்பா இருக்கு? உனக்கு வேலை முடிஞ்சா வேற யாருக்காச்சும் குடு. யாருக்குக் குடுத்தேன்னு மட்டும் சொல்லு, எழுதிக்கிறேன்” என்றார். புரட்டிப் பார்த்தால், என் பெயருக்கு எட்டுப் பக்கம் தள்ளி அதே ஹெட்போன் திருமங்கலத்துப் பையன் ஒருவன் பெயரில் ஏறியிருக்கிறது. அங்கிருந்து விருதுநகர் போயிருக்கிறது.

அலமாரியில் ஹார்லிக்ஸ் பாட்டில் நிறையக் குழாய் வாஷர்கள். குழாய் ரிப்பேருக்கு வாங்கியவை இல்லை. ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான் 2003-இல் ‘பிட்எக்ஸ்’ என்ற செட்டின், அதாவது அனுப்பவும் கேட்கவும் உதவும் ரேடியோக் கருவியின், வரைபடத்தை எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தார். வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் விலை உயர்ந்த பாகம் எதுவும் அதற்கு வேண்டாம். கம்பிச் சுருள் சுற்றக்கூடத் தண்ணீர்க் குழாயின் வாஷரே போதும். சார் அந்த வரைபடத்தைப் பார்த்த அன்று, வீட்டுக்கு வந்த எல்லோரிடமும் அதைப் பற்றியே பேசினார். “மனுசன் நம்ம ஊர் ஹார்டுவேர் கடையை மனசுல வச்சுப் போட்டிருக்கான்யா” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அந்த வருடம் நாங்கள் ஏழு செட் செய்தோம். ஏழும் நோட்டில் இருக்கின்றன.

அப்புறம் அம்மா, சாரின் மோர்ஸ் கீயைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். தேக்குப் பலகை, பித்தளைக் கை, நுனியில் கறுப்புக் குமிழ். நாற்பது ஐம்பது வருடம் கட்டைவிரல் பட்ட இடம் மட்டும் பள்ளமாகத் தேய்ந்திருக்கிறது. என் விரலை அதில் வைத்துப் பார்த்தேன். பள்ளம் என் விரலைவிடப் பெரியது.

சார் எங்களுக்கு மோர்ஸ் சொல்லிக்கொடுத்த விதத்தை எழுதியே ஆக வேண்டும். எல்லோரும் புள்ளி, கோடு என்று கற்றுக்கொடுப்பார்கள். சார் அந்தச் சொற்களை எடுக்கவே மாட்டார். “புள்ளியும் கோடும் கண்ணுக்கு. இது காதுக்கு உள்ளது” என்பார். அவர் சொல்லிக்கொடுத்தது குறில், நெடில். பள்ளிக்கூடத்தில் தமிழ் ஐயாவிடம் படித்தோமே, அதே குறில், நெடில்தான். குறில் சின்னத் தட்டு, நெடில் நீண்ட தட்டு, மெய்யெழுத்தைக் கணக்கில் சேர்க்காதே. அவ்வளவுதான் பாடம். ‘நிலா’ என்றால் ஒரு குறில், ஒரு நெடில்: அது ஆங்கில எழுத்து ஏ. ‘காது’ என்றால் என். ‘உலாவு’ என்றால் ஆர். ‘மீனாட்சி’ ஜி.

இந்திய ஹாம்களின் அழைப்புக் குறி வி, யூ என்ற இரண்டு எழுத்தில் தொடங்கும். வி என்பது மூன்று குறில், ஒரு நெடில்: ‘திருவிழா’. யூ என்பது இரண்டு குறில், ஒரு நெடில்: ‘மதுரை’. ஐ நெடில்தான், அதனால் கடைசியில் இழுத்துச் சொல்ல வேண்டும். ஆக, இந்தியாவில் எந்த மூலையிலிருந்து யார் கூப்பிட்டாலும் எங்கள் காதில் அது ‘திருவிழா மதுரை’ என்றுதான் விழும். கல்கத்தாக்காரர் கூப்பிட்டாலும் திருவிழா மதுரைதான்.

‘யாராவது இருக்கிறீர்களா, பேசலாமா’ என்று பொதுவாகக் கூப்பிட ஹாம்கள் சி, க்யூ என்று இரண்டு எழுத்து தட்டுவார்கள். சி என்றால் ‘ராமசாமி’. க்யூ என்றால் ‘ஓடோடிவா’. கடைசியில் ‘இனி நீங்கள் பேசலாம்’ என்பதற்கு ஒரு கே. அது ‘பேச வா’. நீங்களே விரலால் மேஜையில் தட்டிப் பாருங்கள். ராமசாமி ஓடோடிவா, பேச வா.

இருபத்தைந்து வருடமாக உலகம் முழுக்க அந்த ராமசாமியைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.

கிளம்பும்போது தெருமுனையில் பருத்திப்பால் வண்டி நின்றது. வகுப்பு முடிந்ததும் சார் எங்கள் எல்லோருக்கும் வாங்கிக்கொடுப்பார், எத்தனை பேர் இருந்தாலும். இன்றைக்கு ஒரு டம்ளர் குடித்தேன்.

நாள் 2: கொடைக்கானல்

ஆரப்பாளையத்தில் காலை ஆறு மணி பஸ். செட்டை அம்மா, சாரின் பழைய வேட்டியில் சுற்றிக் கொடுத்திருந்தார். வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு வளைவிலும் பஸ் குலுங்கும். உள்ளே இருக்கும் சால்டரிங்கெல்லாம் சார் கையால் பற்றவைத்தது.

வாத்தியார் பஸ் ஸ்டாண்டிலேயே காத்திருந்தார், கையில் ஒரு பை மலைப்பூண்டோடு. கொடைக்கானலிலிருந்து மேலும் மலைக்குள் போனால் வரும் பூம்பாறையில் இருக்கிறார். அங்கே பூண்டு விளைச்சல்தான் பிழைப்பு. 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது இந்த மலையில் மரங்கள் சாய்ந்து, கரண்ட் போய், போனும் போனது. வேதாரண்யம் பக்கம் கரையேறிய புயல் கொடைக்கானலையும் விடவில்லை. வாத்தியார் தேர்வுக்குப் படிக்க ஆரம்பித்தது அதற்கு அப்புறம்தான். “கீழ ஒரு தகவல் சொல்ல ஆள் நடந்து போக வேண்டியிருந்துச்சு அண்ணே” என்றார். சார் அவருக்குப் புத்தகம், பழைய கேள்வித்தாள்கள் எல்லாம் பஸ் டிரைவர் மூலமாக அனுப்பியிருக்கிறார். எண்பது வயதுக்கு மேல், வாராவாரம்.

மதியத்துக்கு முன்னால் சூரிய ஆய்வகத்துக்குப் போனோம். போகாமல் வர எனக்கு மனசு வராது. 1899-இல் தொடங்கியது. நூறு வருடத்துக்கும் மேலாகச் சூரியனைப் படமெடுத்துச் சேர்த்துவைத்திருக்கிறார்கள். சூரியப் புள்ளியிலிருந்து வாயு வெளிப்பக்கமாக ஓடுவதை ஜான் எவர்ஷெட் 1909-இல் கண்டுபிடித்தது இங்கேதான். சார் எங்களை முதன்முதலில் இங்கே கூட்டிவந்தது 2001-இல். ரேடியோ கற்றுக்கொள்ள வந்தவர்களை எதற்கு நட்சத்திரக்காரர்களிடம் கூட்டிப்போகிறார் என்று எனக்குப் புரியவில்லை.

அன்று மாலை லாட்ஜ் வாசலில் பைனாகுலரைச் சூரியன் பக்கம் திருப்பி, கண்ணை வைக்கவிடாமல், வெளிச்சத்தை ஒரு வெள்ளைத் தாளில் விழவைத்தார். தாளில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு வட்டம். அதில் மிளகு தூவியது போலக் கறுப்புப் புள்ளிகள். பென்சிலைக் கொடுத்து, “எண்ணி, வரைஞ்சு வச்சுக்க” என்றார். அந்தப் புள்ளிகள் நிறைய இருந்தால், சூரியனிலிருந்து வரும் புற ஊதாக் கதிர் அதிகம். அது நம் தலைக்கு மேல் 200, 300 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் காற்றை மின்னேற்றம் அடையச் செய்கிறது. அந்த அடுக்குதான் அயனமண்டலம். சிற்றலை அங்கே போய்ப்பட்டு வளைந்து பூமிக்குத் திரும்புகிறது. ஏறக்குறைய 11 வருடத்துக்கு ஒருமுறை புள்ளிகள் பெருகி, குறைந்து, மறுபடி பெருகும். 2001 பெருகிய காலம். மறுநாள் மதுரைக்குத் திரும்பியதும், 28 மெகாஹெர்ட்ஸில் இரண்டே வாட்டை வைத்துக்கொண்டு ஜப்பான்காரர் ஒருவரோடு பேசிக் காட்டினார். நான் வரைந்த புள்ளிகளைத் தாளில் தொட்டு, “இவங்கதான் கொண்டுபோய்ச் சேர்த்தாங்க” என்றார். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. எந்தப் பாடப்புத்தகத்திலும் அயனமண்டலம் எனக்கு அப்படிப் புரிந்ததில்லை.

சாயங்காலம் கோக்கர்ஸ் வாக் பக்கம், கூட்டம் குறைந்த ஓர் ஓரமாக வாத்தியார் புதுச் செட்டை வெளியே எடுத்தார். இது இரண்டு மீட்டர் பேண்ட் செட், 145 மெகாஹெர்ட்ஸ். இந்த அலை மேலே போய் வளையாது, நேராகத்தான் போகும். அதனால் உயரம் முக்கியம். கடல் மட்டத்திலிருந்து 2,100 மீட்டரில் நிற்கிறோம். மதுரை இங்கிருந்து நேர்க்கோட்டில் எழுபது, எண்பது கிலோமீட்டர்தான். பனிமூட்டம் இல்லாத இரவில் சமவெளியின் விளக்குகள் தெரியும். கண்ணுக்குத் தெரிகிற இடத்துக்கு ரேடியோவும் போகும்.

மதுரையில் சார் வீட்டு மாடியில் எங்களோடு படித்த நண்பன் ஒருவன் கைக்கருவியோடு காத்திருந்தான். வாத்தியார் தன் அழைப்புக் குறியைச் சொன்னார். இரண்டாவது முறையே பதில், பக்கத்தில் நின்று பேசுவது போல. வாத்தியாருக்குக் குரல் தழுதழுத்துவிட்டது. அம்மாவும் மாடி ஏறி வந்திருந்தார். உரிமம் இல்லாததால் மைக்கில் அவர் பேசவில்லை. நண்பன்தான் சொன்னான்: “அம்மா கேக்குறாங்க, மலையில குளிருதா, ரெண்டு பேரும் சாப்பிட்டீங்களான்னு. ஓவர்.”

சாப்பிட்டாச்சு என்று சொன்னோம். சாப்பிட்டிருக்கவில்லை. அப்புறம் போய்ச் சாப்பிட்டோம்.

இரவு லாட்ஜில் நோட்டைத் திறந்து, சாரின் எழுத்துக்குக் கீழே முதல்முறையாக என் கையால் ஒரு வரி எழுதினேன். தேதி, யார், என்ன.

நாள் 3: மதுரையிலிருந்து ராமேஸ்வரம்

இன்றைக்குப் பெரும்பாலும் ரயில்தான். மானாமதுரை, பரமக்குடி, ராமநாதபுரம் என்று வெயிலில் கருவேலங்காடு ஓடிக்கொண்டே இருந்தது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்தில் எனக்கு இது முதல் பயணம். பக்கத்திலேயே 1914-இல் கட்டிய பழைய பாலம். சாரோடு அந்தப் பழைய பாலத்தில் இரண்டு முறை போயிருக்கிறேன். இரண்டு முறையும் அவர் பேச்சை நிறுத்திவிட்டு வாசல் பக்கம் போய் நின்றுகொண்டார். காரணம் நாளைக்கு எழுதுகிறேன்.

ரயில் என்றால் எனக்கு ஞாபகம் வருவது பாண்டியன் எக்ஸ்பிரஸ். மோர்ஸ் தேர்வுக்குச் சென்னைக்குப் போனேன், 1999-இல். நிமிடத்துக்கு ஐந்து வார்த்தை, மிக மெதுவான வேகம். அதில் தோற்றேன். கை நடுங்கியது, காது அடைத்தது. வீட்டில் இன்னொரு முறை டிக்கெட்டுக்குப் பணம் கேட்கும் நிலைமை இல்லை. ஹாம் கனவை விட்டுவிடலாம் என்று முடிவு செய்து, சார் வீட்டுப் பக்கமே ஒரு மாதம் போகவில்லை. அவர்தான் தேடி வந்தார், சைக்கிளில். “மெதுவா அனுப்புறதைக் கேக்கறதுதான் கஷ்டம். ராகம் அறுந்து போயிரும். நீ பன்னெண்டு வார்த்தைக்குப் பழகு, அஞ்சு தானா வரும்” என்றார். நான்கு மாதம், தினமும் காலை ஐந்தரை மணிக்கு.

அடுத்த முறை என் டிக்கெட்டையும் அவரே எடுத்து, கூடவே வந்தார். எழும்பூரில் இறங்கி, இட்லி வாங்கிக்கொடுத்து, தேர்வு நடந்த இடத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். நான் வெளியே வந்ததும் முகத்தைப் பார்த்தாரே தவிர, பாஸா என்று கேட்கவில்லை. எதிர் பெஞ்சில் விரலால் ‘பேச வா’ என்று தட்டினார். நான் பதிலுக்குத் தட்டினேன்.

டிக்கெட் காசை முதல் சம்பளத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதில் அடுத்த பையனுக்கு டிக்கெட் எடுத்திருக்கிறார். அதுவும் நோட்டில் இருக்கிறது: ‘சென்னை டிக்கெட் 1.’

நாள் 4: தங்கச்சிமடம், தனுஷ்கோடி

தங்கச்சிமடத்துப் பெண்ணுக்கு இருபது வயது. கல்லூரியில் படிக்கிறாள். அப்பா கடலுக்குப் போகிறவர். வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் அம்மா மீன்குழம்பு வைக்கட்டுமா என்றுதான் முதலில் கேட்டார். பத்து வயதுத் தம்பி ஒருவன், டிபன் கேரியர் மாதிரி எதையோ கொண்டுவந்திருக்கிறேன் என்று என் பையையே சுற்றிச் சுற்றி வந்தான்.

அவன் நினைத்தது சரிதான். சார் கடைசியாகச் செய்த செட் எவர்சில்வர் டிபன் டப்பாவுக்குள்தான் இருக்கிறது. டப்பாவே கவசம், வெளியிலிருக்கும் மின் இரைச்சல் உள்ளே வராது. மோர்ஸ் மட்டும் அனுப்பும், 5 வாட். ராத்திரி வீட்டில் எரியவிடும் பழைய ஜீரோ வாட் பல்பு 15 வாட் இழுக்கும். அதில் மூன்றில் ஒரு பங்கு.

இவளை சார் நேரில் பார்த்தது ஒரே ஒரு முறை. 2023-இல், ஏரியல் கட்டிக்கொடுக்க பஸ் பிடித்து வந்திருக்கிறார், 85 வயதில். மற்றபடி பாடம் முழுக்கப் போனில். தினமும் ராத்திரி எட்டு மணிக்குப் போன் போட்டு, ரிசீவரை மேஜையில் வைத்துவிட்டுக் கீயைத் தட்டுவாராம். கால் மணி நேரம். அவள் எழுதிக்கொண்டு திருப்பி வாசிக்க வேண்டும். “தப்பா வாசிச்சா ஒண்ணும் சொல்ல மாட்டாரு அண்ணே. அதே வார்த்தையைக் கொஞ்சம் இழுத்துத் தட்டுவாரு” என்றாள். இப்படிப் பதினான்கு மாதம். ஜெனரல் கிரேடு என்ற உயர்நிலை உரிமத்துக்கு நிமிடத்துக்கு எட்டு வார்த்தை, முதல் முறையே தேர்ச்சி. உரிமம் கைக்கு வந்தது போன கார்த்திகையில். சார் போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. அதற்கப்புறம் அவள் ஒரு முறைகூடக் கீயைத் தொடவில்லை. கேட்டுக்கொண்டு மட்டும் இருந்திருக்கிறாள்.

“எங்க போய் முதல்ல கூப்பிடலாம்னு நினைக்கிற?” என்று நான் கிளம்பும் முன்பே போனில் கேட்டிருந்தேன். யோசிக்காமல் தனுஷ்கோடி என்றாள். சார் அவளிடமும் அந்தக் கதையைச் சொல்லியிருக்கிறார்.

1964 டிசம்பர் 22. சாருக்கு 26 வயது. ராமநாதபுரம் தந்தி ஆபீசில் ராத்திரி டியூட்டி. அந்தக் காலத்தில் பீப் சத்தம் கிடையாது. சவுண்டர் என்ற சின்ன இரும்புக் கருவி கட கட என்று அடிக்கும், அதைக் காதால் படிக்க வேண்டும். தீவின் அந்த முனையில் இருந்த டெலிகிராபிஸ்டை சார் முகம் பார்த்ததே இல்லை. ஆனால் அவருடைய ‘கை’ தெரியும். தந்திக்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள். ஒவ்வொருவர் தட்டுவதிலும் ஒரு நடை இருக்கும், குரல் மாதிரி. அந்த ஆள் கடைசி நெடிலைக் கொஞ்சம் கூடுதலாக இழுப்பாராம். அன்றிரவு காற்று ஏற ஏற, சவுண்டர் விட்டுவிட்டு அடித்தது. அப்புறம் நின்றது. சார் விடியும்வரை கூப்பிட்டிருக்கிறார். அதே இரவில் பாம்பனிலிருந்து கிளம்பிய பாசஞ்சர் ரயில் தனுஷ்கோடிக்குச் சற்று முன்னால் கடலுக்குள் போனது. அதில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். ஊரும் போனது. அந்தக் கையை அதற்குப் பிறகு கேட்கவே இல்லை என்பார் சார். அதற்கு மேல் எதுவும் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. “கம்பி அறுந்தா ஊரே ஊமையாயிருது” என்று மட்டும் சொல்வார். இரண்டு வருடம் கழித்து ஹாம் தேர்வு எழுதினார்.

40 வருடம் கழித்து, 2004 டிசம்பர் 26. ஹைதராபாத்தின் தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்திலிருந்து பாரதி பிரசாத் தலைமையில் ஒரு குழு அந்தமானுக்குப் போயிருந்தது. அங்கிருந்து பல வருடமாக ஹாம் யாரும் ஒலிபரப்பாததால் உலகமே அவர்களைக் கேட்டுக்கொண்டிருந்தது. சுனாமி வந்தது. போர்ட் பிளேரில் போன் போனது. அந்தக் குழுவின் செட் மட்டும் பேசியது. சார் வீட்டில் நாங்கள் ஆறு பேர், முறை வைத்து உட்கார்ந்து, வருகிற பெயர்களை எழுதினோம். அந்தமானில் சொந்தக்காரர்கள் இருந்த குடும்பங்களுக்குச் சார் தன் வீட்டுப் போனிலிருந்தே எஸ்.டி.டி. போட்டுச் சொன்னார். ‘நலமாக இருக்கிறார்’ என்ற இரண்டே வார்த்தைக்கு எதிர்முனையில் அழுவார்கள். அவர் போனைக் காதோடு வைத்தபடி, அழுது முடியும்வரை காத்திருப்பார். அந்த மாதம் டெலிபோன் பில் என்ன வந்தது என்று கடைசிவரை எங்களிடம் சொல்லவில்லை.

காலை ஏழு மணிக்கு முன்பே தனுஷ்கோடி போய்விட்டோம். எல்லைப் பகுதி என்பதால் எந்த இடம், எத்தனை மணி, என்ன அலைவரிசை என்று போலீசுக்கும் கடலோரக் காவலுக்கும் ஒரு வாரம் முன்பே எழுதிக்கொடுத்து ஒப்புதல் வாங்கியிருந்தேன். இதைச் செய்யாமல் யாரும் அங்கே கம்பி கட்டாதீர்கள். இடிந்த தேவாலயத்துக்குத் தள்ளி, கடற்கரைப் பக்கம் மூங்கிலை ஊன்றினோம். உச்சியிலிருந்து இரண்டு பக்கமும் பத்துப் பத்து மீட்டர் கம்பி, கூடாரம் மாதிரி இறக்கிக் கட்டியது. மேலே காற்று ஊளையிட்டது. தம்பிதான் மூங்கிலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான்.

அவள் மணலில் சம்மணமிட்டு உட்கார்ந்து, டிபன் டப்பாவை மடி மீதும் கீயை ஒரு பலகை மீதும் வைத்தாள். சாரின் பள்ளத்தில் கட்டைவிரலை வைத்தாள். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள்.

அப்புறம் தட்டினாள். ராமசாமி ஓடோடிவா, ராமசாமி ஓடோடிவா, திருவிழா மதுரை...

பதில் இல்லை. பத்து நிமிடம், இருபது நிமிடம். தலைமன்னார் இங்கிருந்து 30 கிலோமீட்டர்தான், இலங்கையிலிருந்து யாராவது வருவார்கள் என்று நான் நம்பியிருந்தேன். என் போனில் இலங்கை நெட்வொர்க்கே தெரிந்தது. அவள் முகம் வாடத் தொடங்கியது. நான் எழுந்து போய்க் கம்பியைப் பார்த்தேன். தெற்குப் பக்க நுனி காற்றில் தளர்ந்து, ஈர மணலில் கிடந்தது. அனுப்பிய 5 வாட்டில் பாதி மண்ணுக்குப் போயிருக்கும். தூக்கி, கயிற்றைக் கூட்டி, ஒரு கல்லில் இழுத்துக் கட்டினேன்.

8 மணி 12 நிமிடத்துக்குப் பதில் வந்தது. ஹெட்போனைப் பாதி பாதி காதில் வைத்துக் கேட்டோம். இலங்கை இல்லை, மைசூர். திருவிழா மதுரை என்றுதான் அவரும் தொடங்கினார். சிக்னலின் தெளிவு, பலம், தொனி மூன்றுக்கும் மதிப்பெண்ணாக ஐந்து, ஏழு, ஒன்பது என்று கொடுத்தார். அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. பெயர், ஊர், செட் எத்தனை வாட், அவ்வளவுதான். 5 வாட் என்றதும் ‘அருமை’ என்று அனுப்பினார். அவள் பென்சிலால் ஒவ்வொரு எழுத்தாக எழுதிக்கொண்டே வந்தாள். எழுத்து கோணல்மாணலாக இருந்தது. ஒன்றுகூடத் தப்பில்லை.

முடிக்கும்போது ஒரு தனிக் குறி உண்டு: மூன்று குறில், நெடில், குறில், நெடில். சார் அதைத் ‘திருவிழா நிலா’ என்று சொல்லிக்கொடுத்திருந்தார். அவள் அதை அனுப்பியபோது கேட்டேன், கடைசி நெடிலைக் கொஞ்சம் கூடுதலாக இழுத்தாள். சாரும் அப்படித்தான் இழுப்பார். இத்தனை வருடமாக அதைச் சாரின் கை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவளிடம் எதுவும் சொல்லவில்லை. நோட்டை எடுத்து மணலிலேயே உட்கார்ந்து எழுதினேன்: ‘டிபன் டப்பா செட் 1, கீ 1.’ பெயரை அவளையே எழுதச் சொன்னேன்.

வெயில் ஏறியதும் மூங்கிலைப் பிடுங்கி, கம்பியைச் சுருட்டி, ராமேஸ்வரம் பஸ்ஸுக்காக ரோட்டுக்கு வந்து நின்றோம். தம்பி ஒரு சிப்பியை வைத்து ரோட்டோரக் கல்லில் தட்டிக்கொண்டே இருந்தான். ராமசாமி சரியாக வந்தது. ஓடோடிவாவில் இரண்டாவது நெடிலைக் குறிலாகத் தட்டினான். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து அவன் விரலைப் பிடித்துத் திருத்தினாள்.

“இவன் எப்ப அண்ணே பரீட்சை எழுதலாம்?” என்று கேட்டாள்.

“பன்னெண்டு வயசு ஆகணும்.”

“இன்னும் ரெண்டு வருசம் இருக்குடா” என்று அவனிடம் சொன்னாள். அவன் காதில் வாங்கவில்லை, தட்டிக்கொண்டிருந்தான்.